சப்பாத்துக்காரர் தெருவில் ஒரு மரக்கூடு

முதல் நாள், ஒக்டோபர் 28, செவ்வாய்

வீட்டுக்கார அம்மா திறப்பை நீட்டி "ஷாவ்" என்றார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தா. இந்தியாவில் சாவி என்கிறார்களே, அது இதுதான். நாங்கள் திறப்பு என்று சொல்லித் தப்பிவிட்டோம். ஆனால் தப்பியது அந்த ஒரு சொல்லோடு சரி. உள்ளே போனதும் அவர் யன்னலைக் காட்டி "ஜனேலா" என்றார், மேசையைக் காட்டி "மேசா", துவாயைக் காட்டி "துவால்யா", பின்பக்கம் கூட்டிப்போய் "கோசீன்யா" என்று குசினி. பத்து நிமிசத்தில் அக்கா போர்த்துக்கேயம் கதைக்கத் தொடங்கிவிட்டா.

நான் ரொறொன்ரோவில் இருந்தும் அக்கா பாரிஸில் இருந்தும் வந்து லிஸ்பனில் சந்தித்திருக்கிறோம். அஞ்சு நாள். அக்காவுக்குக் கொஞ்ச வெயில் வேண்டும். எனக்கு 1755 வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். நான் மர வீடு கட்டுகிறவன். கனடாவில் வீட்டுச் சட்டம் அடிக்கும் வேலை, இருபத்திரண்டு வருடமாக. வேலை பழகின காலத்தில் ஒரு வகுப்பில் ஒரு படம் காட்டினார்கள். சுவர் முழுக்கப் பெருக்கல் குறி போட்டதுபோல மரச்சட்டங்கள், நடுவில் கல்லும் சுண்ணாம்பும் அடைத்திருந்தது. கீழே ஒரு சொல்தான் எழுதியிருந்தது, லிஸ்பன். அந்தச் சுவரைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்தது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1755 நவம்பர் 1, சனிக்கிழமை, சகல புனிதர்களின் திருநாள். காலை 9.40 அளவில், ஊரே பூசையில் இருந்த நேரம், நிலம் நடுங்கத் தொடங்கியது. சில நிமிடங்கள் விட்டு விட்டு ஆட்டியது. முக்கால் மணித்தியாலம் போக ஆற்றுவழியே கடல் ஏறி வந்தது. கோயில்களில் அன்றைக்கென்று ஏற்றியிருந்த மெழுகுதிரியும் வீடுகளில் எரிந்த அடுப்பும் பற்றி, தீ அஞ்சாறு நாள் நின்று எரிந்தது. லிஸ்பனில் மட்டும் இறந்தவர்கள் 30,000 முதல் 40,000 என்பார்கள், அதற்கு மேலே சொல்கிறவர்களும் உண்டு. நடுக்கத்தின் அளவு 8.5க்குக் குறையாது என்பது பலருடைய கணிப்பு.

வீட்டுக்கார அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். 1755 பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, 1969ஐச் சொன்னார். பெப்ரவரி 28, விடியப்புறம் நாலு மணிக்குக் கிட்ட. அவருக்கு அப்போது ஒன்பது வயது. தகப்பன் அவரைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு படி இறங்கினாராம். "அவருடைய ஒரு கால் சப்பாத்து என் கையில் இருந்தது. ஏன் அதை எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது." சப்பாத்து என்ற சொல்லை அவர் 'சப்பாத்து' என்றே சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பு எங்களுக்குத் தேவைப்படவில்லை.

படுக்க முதல் அறைச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். தொழில் பழக்கம். சில இடத்தில் கல், சில இடத்தில் மரம் போலச் சத்தம்.

"விடியக் காலமை இடிச்சுப் பார், இப்ப படு" என்றா அக்கா.

இரண்டாம் நாள், ஒக்டோபர் 29, புதன்

கார்மோ. எல்லோரும் போகிற இடம், நாங்களும் போனோம். 1389இல் நூனோ அல்வாரெஸ் பெரெய்ரா என்ற தளபதி கட்டத் தொடங்கிய கோயில். கஸ்தீலியரை (இன்றைய ஸ்பெயின் பக்கத்து அரசு) தோற்கடித்துவிட்டு நேர்த்திக்கடனாகக் கட்டினார். கடைசிக் காலத்தில் வாளை வைத்துவிட்டு அங்கேயே துறவியாக இருந்தவர்.

கூரை இல்லை. நடுக்கூடத்தில் நின்று மேலே பார்த்தால் வளைவுகள் மட்டும் இந்தப் பக்கச் சுவரில் இருந்து அந்தப் பக்கச் சுவருக்குத் தாவுகின்றன. இடையில் வெறும் நீலம். மீனைத் தின்றுவிட்டு முள்ளை மட்டும் கோப்பையில் விட்டதுபோல. ஒரு தூணில் கையை வைத்தேன். அன்றைக்குக் காலமை இதைப் பிடித்துக்கொண்டு யாரோ நின்றிருப்பார் என்று நினைத்ததும் உடம்பு கூசிவிட்டது. பின்பக்கம் பலிபீடம் இருந்த பகுதிக்கு மட்டும் கூரை போட்டு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பெரு நாட்டு மம்மி இரண்டு குந்திக்கொண்டிருக்கின்றன. ஏன் இங்கே என்று கேட்காதீர்கள். அக்கா அந்தப் பக்கமே போகவில்லை.

கீழே இறங்கினால் றொஸ்ஸியோ சதுக்கம். கோப்பி விலை மேலே இருந்ததைவிடக் குறைவு, கூட்டம் கூட. வடக்குப் பக்கம் வெள்ளைத் தூண்களோடு நிற்கிற நாடக அரங்கு இருக்கும் நிலத்தில்தான் முன்பு சமய விசாரணை மன்றத்தின் மாளிகை இருந்தது. நடுக்கம் அதையும் விடவில்லை. ஆனால் மன்றம் சாகவில்லை. ஆறு வருடம் கழித்து இதே சதுக்கத்தில் மலக்ரீடா என்ற வயதான இயேசு சபைக் குருவைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். அரசுக்கு அவர் மேல் கோபம் வந்த காரணங்களில் ஒன்று, நடுக்கத்துக்குக் காரணம் வால்வெள்ளியும் ஆவியும் இல்லை, உங்கள் பாவம்தான் என்று ஒரு சிறு நூல் எழுதியது. மன்னிப்புக் கேட்டு செபம் செய்யுங்கள், வீடு கட்டுவதை அப்புறம் பார்க்கலாம் என்று அவர் சொல்ல, ஊரைக் கட்டியெழுப்ப நின்ற மந்திரி செபஸ்தியாவோ கர்வால்யோவுக்கு (பிறகு பொம்பால் பிரபு என்று பேர் வாங்கியவர் இவர்தான்) அது பொறுக்கவில்லை. வேறு அரசியல் கணக்கும் இருந்தது. கிழவரின் பக்கம் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. ஆனாலும் எழுபது தாண்டியவரை எரித்த மந்திரியை அறிவொளிக் காலத்து நாயகன் என்று சும்மா தூக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்தில் சாவோ தொமிங்கோஸ் கோயில். வெளியில் சாதாரண வெள்ளைச் சுவர். கதவைத் தள்ளி உள்ளே போனதும் அக்கா என் கையைப் பிடித்தா. தூண்கள் எல்லாம் வெடித்துப் பிளந்து, பொருக்குப் பொருக்காக உரிந்து, கருகிக் கிடக்கின்றன. சுவர் செங்காவி. ஆட்கள் முழந்தாளில் இருந்து செபிக்கிறார்கள். அந்த நவம்பர் தீயின் கரி இன்னும் சுவரிலேயே இருக்கிறது. தேடி வந்தது கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

மூன்றாம் நாள், ஒக்டோபர் 30, வியாழன்

நேற்று எழுதியதில் இரண்டு பிழை. இரண்டும் பெரிய பிழை.

சாவோ தொமிங்கோஸ் கரி 1755 இல்லை. நடுக்கத்தில் அந்தக் கோயில் பெரும்பாலும் விழுந்தது உண்மை. திரும்பக் கட்டினார்கள். கட்டியது 1959 ஓகஸ்டில் தீப்பிடித்து எரிந்தது. 1994இல் திறந்தபோது கருகல் அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். இரண்டாவது, நான் கையை வைத்து உடம்பு கூசிய கார்மோ தூண். நடுக்கத்துக்குப் பிறகு, 1756இல், கோயிலைத் திரும்ப எழுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். இப்போது நிற்கிற தூணும் வளைவும் பெரும்பாலும் அந்தத் திருத்த வேலையில் வந்தவை. 1834இல் துறவு மடங்களைக் கலைத்தபோது வேலை அந்தரத்தில் நின்றுவிட்டது. பிறகு வந்த தலைமுறைக்கு இடிந்த கோயில் வடிவாகத் தெரிந்ததால் கூரை போடாமலே விட்டார்கள். ஆக, நான் பிடித்துக்கொண்டு நின்றது நடுக்கத்தைப் பார்க்காத தூண்.

வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டேன். பாணைச் சுட்டுக்கொண்டே சொன்னார்: "நடுக்கம் பார்க்கவேண்டுமா? பைஷாவுக்குப் போங்கள்."

பைஷா என்றால் கீழ்ப்பகுதி. றொஸ்ஸியோவுக்கும் ஆற்றுக்கும் இடையில் கிடக்கிற சமதரை. கோடு போட்டதுபோல நேரான தெருக்கள், ஒரே உயரத்தில் வீடுகள், ஒரே அளவில் யன்னல்கள். நேற்று அதற்குள்ளால் நடந்துதான் போனோம், ஒன்றும் கவனிக்கவில்லை. பொன் தெரு, வெள்ளித் தெரு, சேணக்காரர் தெரு என்று தொழிலின் பேரிலே தெருக்கள். ஒரு பலகையைப் பார்த்து அக்கா நின்றுவிட்டா. "றூவா தோஸ் சப்பத்தெய்ரோஸ்."

"சப்பாத்துக்காரர் தெருவோடா?"

"ஓமக்கா."

"இதுக்கு நாங்கள் கனடாவும் பாரிசும் போயிருக்கத் தேவையில்லை."

முதலில் நிலத்துக்குக் கீழே போனோம். சேணக்காரர் தெருவில் ஒரு வங்கிக்கு அடியில் தோண்டிய இடத்தைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். உரோமர் காலத்து மீன் ஊறவைக்கும் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. எல்லோரும் அதைப் படம் எடுத்தார்கள். நான் வழிகாட்டிப் பெண்ணின் காலடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சேற்றுக்குள் செங்குத்தாக இறக்கிய பைன் மரக் கட்டைகள், ஒரு ஆளின் தொடைத் தடிப்பு இருக்கும், நெருக்கி நெருக்கி. அதற்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக உத்தரங்கள். அதற்கு மேலேதான் கல் அத்திவாரம்.

பைஷா முன்பு ஆற்றின் கிளை ஒன்று ஓடிய நிலம், இளகின மண். அதற்கு மேலே 1755இன் இடிபாடு முழுவதையும் பரப்பி, கட்டைகளை அடித்து இறக்கி, ஊரைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். கட்டை உக்காதா என்று கேட்டேன். தண்ணீருக்குள் முழுக்கக் கிடக்கும் வரைக்கும் உக்காது, காற்றுப் பட்டால்தான் பிரச்சினை, அதனால் நிலத்தடி நீர் இறங்கக் கூடாது என்றார் அந்தப் பிள்ளை. அப்பா பருத்தித்துறையில் தோணிக்கு மரம் பார்ப்பவர்களோடு வேலை செய்தவர். தண்ணியில கிடந்த மரத்தை நம்பலாம், தண்ணியும் காத்தும் மாறி மாறிப் பட்ட மரத்தை நம்பாதை என்பார். இருநூற்று அறுபது வருடப் பழைய பைன் ஈரத்தில் மினுங்கிக்கொண்டு கிடந்தது.

மரக்கூடு கிடைக்க மத்தியானம் தாண்டியது. போர்த்துக்கேயத்தில் அதற்குப் பேர் கையோலா. பறவைக்கூடு, கூண்டு என்று பொருள். தெருவில் நின்று எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. கீழ்த்தளம் கல்வளைவு, கூடு முதலாம் மாடியில்தான் தொடங்குகிறது. அதையும் சாந்து பூசி மூடிவிடுவார்கள். சப்பாத்துக்காரர் தெருவின் நடுப்பகுதியில் ஒரு கட்டடத்தில் சாரம் கட்டித் திருத்த வேலை. வாசலில் தூசி படிந்த தொப்பியோடு ஒரு நேபாளத் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நானும் இதே வேலை என்று கையைக் காட்டினேன். கைக் காய்ப்பைப் பார்த்தான். மேற்பார்வையாளர் வர இன்னும் இருபது நிமிசம், படியில் நின்று மட்டும் பாருங்கள் என்றான்.

படியால் ஏறித் திரும்பினேன். சாந்தை உரித்துவிட்டிருந்தார்கள். அந்தப் படம் அப்படியே நின்றது.

நிமிர்ந்த சட்டம், கிடைச்சட்டம், அந்தச் சதுரத்துக்குள் மூலைக்கு மூலை இரண்டு சட்டம் பெருக்கல் குறியாக. இரண்டும் சந்திக்கிற நடு இடத்தில் ஒவ்வொன்றிலும் பாதித் தடிப்பை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று அமர்த்தியிருக்கிறார்கள். ஒரு தடித்த இரும்பாணி. உளி போன தடம் தெரிகிறது. ஒரு இடத்தில் தச்சன் கொஞ்சம் கூட வெட்டிவிட்டு மெல்லிய ஆப்பு ஒன்று வைத்து இறுக்கியிருக்கிறான். நானும் அதைத்தான் செய்வேன், மேற்பார்வையாளர் பார்க்காத நேரத்தில். விரல் நுனியால் அந்த ஆப்பைத் தொட்டேன். இம்முறை உடம்பு கூசவில்லை. அவனோடு கதைக்கவேண்டும் போல இருந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்றால், கல்லும் சுண்ணாம்பும் அமுக்கத்தைத் தாங்கும், இழுபட்டால் விட்டுவிடும். மரம் இழுபடும், வளையும், திரும்பி வரும். நிலம் பக்கவாட்டில் ஆட்டும்போது சதுரம் சாய்சதுரமாகப் பார்க்கும். குறுக்குச் சட்டம் விடாது. நடுவில் அடைத்த கல் கொட்டுண்டு போனாலும் கூடு நிற்கும், கூட்டுக்குள் இருக்கிற ஆட்கள் படியிறங்க நேரம் கிடைக்கும். இதைச் சோதித்துப் பார்க்க மாதிரி ஒன்று செய்து, அதைச் சுற்றிப் படை வீரர்களைக் கால் உதைத்து நடக்கவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அதோடு வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு கற்சுவர், தீ தாவாமல் இருக்க. கதவு, யன்னல், சட்டம் எல்லாம் அளவு வைத்து முன்கூட்டியே செய்தார்கள். நாங்கள் ரொறொன்ரோவில் இப்போது புதிது என்று பெருமை பேசுகிற வேலை.

ஊரை வரைந்தவர்களில் மூன்று பேருக்குப் பேர் இருக்கிறது. எவுஜேனியோ தோஸ் சாந்தோஸ், கார்லோஸ் மார்டெல், இவர்களுக்கு மேலே தலைமைப் பொறியாளர் மனுவெல் தா மாயா. மாயாவுக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. நடுக்கம் நடந்து ஐந்து கிழமைக்குள், இன்னும் பின்னதிர்வு வந்துகொண்டிருக்கும்போதே, மந்திரிக்கு ஒரு அறிக்கையின் முதற்பகுதியை எழுதிக் கொடுத்துவிட்டார். ஐந்து வழி சொன்னார். பழையபடியே கட்டலாம், தெருவை மட்டும் அகட்டலாம், வீட்டின் உயரத்தைக் குறைக்கலாம், கீழ்ப்பகுதியை முழுக்க இடித்துப் புதிதாகக் கோடு போடலாம், அல்லது இந்த இடத்தை விட்டுவிட்டு பெலெம் பக்கம் வேறு ஊர் கட்டலாம். நாலாவதை எடுத்தார்கள். முக்கிய தெரு 60 சாண் அகலம் என்று முடிவானது.

நேபாளத் தம்பி கீழே விசில் அடித்தான். இறங்கிவிட்டோம். அவனுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தோம்.

இரவு வீட்டுக்கார அம்மாவிடம், உங்கள் சுவருக்குள்ளும் மரம் இருக்கிறது, கூடாக இருக்குமோ என்று கேட்டேன். சிரித்தார். இந்த வீடு 1900க்குக் கிட்டக் கட்டியது. அந்தக் காலத்து வீடுகளுக்கும் கூட்டை வைத்தே பேர்: கையோலெய்ரோ. ஆனால் அது பழிப்புப் பேர். நூறு வருடம் பெரிதாக ஒன்றும் ஆட்டவில்லை என்றதும் கொந்தராத்துக்காரர் குறுக்குச் சட்டத்தை விட்டுவிட்டார்கள், மரத்தை மெலிய வைத்தார்கள், மாடியைக் கூட்டினார்கள். லிஸ்பனில் இப்போது பொறியாளர்கள் கூடுதலாகப் பயப்படுவது இந்த வகை வீடுகளுக்குத்தான்.

அறைக்கு வந்து அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. இப்போது நீங்கள் எல்லோரும் படிக்கிறீர்கள். அவ படிக்கமாட்டா என்று நம்புகிறேன்.

நாலாம் நாள், ஒக்டோபர் 31, வெள்ளி

மழை. படித்துவிட்டா. சின்னதாக எழுதுகிறேன்.

காலமை பெலெம். நடுக்கத்தன்று அரசர் முதலாம் ஜோசே குடும்பம் உயிர் தப்பியது இந்தப் பக்கம் இருந்ததால்தான். விடியப் பூசை முடித்துக்கொண்டு ஊருக்கு வெளியே வந்துவிட்டார்கள். ஆற்றோர அரண்மனை போனது. அதில் இருந்த 70,000 நூல்களும், தீசியன், றூபென்ஸ் வரைந்த ஓவியங்களும் போயின. திறந்து ஆறேழு மாதமே ஆன புது ஒப்பெரா அரங்கும் போனது. அரசருக்கு அதற்குப் பிறகு கல்லுக் கூரைக்குக் கீழே படுக்கப் பயம். சாகும் வரைக்கும் இருபது வருடத்துக்கு மேலே, அஜூடா குன்றில் மரத்தாலும் துணியாலும் கட்டிய கொட்டிலில்தான் அரசவை. 'அரச கொட்டில்' என்றே அதற்குப் பேர். அது 1794இல் எரிந்துபோக, அந்த இடத்தில்தான் இப்போதைய அஜூடா கல் அரண்மனை.

நடுக்கத்தை ஆட்டிக் காட்டுகிற ஒரு புதிய காட்சியகம் பெலெமில் இருக்கிறது. கோயில் வாங்கில் இருத்தி ஆட்டுகிறார்கள். திரையில் கோயில் விழுகிறது. எனக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். அக்கா வெளியில் குடையோடு நின்றா. நான் கூப்பிடவும் இல்லை.

இன்னொன்று பார்க்க ஆசைப்பட்டேன், கிடைக்கவில்லை. 1554 பெப்ரவரியில் இந்த லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சானது. தமிழ் எழுத்தில் இல்லை, தமிழை இலத்தீன் எழுத்தில் ஒலிபெயர்த்து, போர்த்துக்கேயமும் சேர்த்து. மறைப்பாடச் சிறு நூல். எழுதியவர்கள் வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா குரூஸ் என்ற மூவர். தமிழ் அச்சின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. எஞ்சிய ஒரு பிரதி பெலெமில் ஒரு அருங்காட்சியகத்தின் கைவசம். திருத்த வேலைக்காகக் கதவு சாத்தியிருந்தது. கதவைப் படம் எடுத்தேன். நடுக்கம், வெள்ளம், தீ எல்லாவற்றையும் ஒரு சின்னப் புத்தகம் கடந்திருக்கிறது. அரண்மனைப் பக்கம் இருந்த இந்தியா இல்லத்தின் (ஆசிய வணிகத்தைப் பார்த்த அரச அலுவலகம்) கடிதக் கட்டுகளோ சாம்பலாயின. அவற்றுக்குள் யாழ்ப்பாணத்தில் இருந்து போனவை எத்தனையோ.

பின்னேரம் சாவோ ஜோர்ஜ் கோட்டை. நாட்டின் பழைய ஆவணங்கள் எல்லாம் அங்கே ஒரு கோபுரத்தில் இருந்தன. கோபுரத்தின் பேர் 'தோறே தோ தொம்போ'. வாசித்ததும் அக்கா கேட்டா:

"தோம்போ? எங்கட காணித் தோம்போ?"

அதேதான். ஊரில் உறுதி, தோம்பு என்று காணிக்குச் சண்டை பிடிப்போமே, அந்தத் தோம்பு, காணிப் பதிவேடு. தோம்புக் கோபுரம். 1755இல் அது சரிந்தது. ஆவணக் காப்பாளராக இருந்தவர் யார் என்று பார்த்தால், நேற்று எழுதிய அதே கிழவர், மனுவெல் தா மாயா. இடிபாட்டுக்குள் கிடந்த தாள்களைப் பொறுக்கி, கோட்டைச் சதுக்கத்தில் மரக் கொட்டில் போட்டு அதற்குள் சேர்த்து வைத்தார். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய கல்வாய்க்கால் கட்டிய பொறியாளர்களிலும் அவர் ஒருவர். நடுக்கம் அதன் உயர்ந்த வளைவுகளை வீழ்த்தவில்லை, தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பொம்பாலுக்கு ஊர் நடுவில் சிங்கத்தோடு வானளாவச் சிலை. மாயாவுக்கு ஒரு தெருப் பெயர்ப் பலகை. என்ன நியாயமோ.

கோபுரம் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்து ஊரைச் சுற்றிக் காட்டும் ஒரு இருட்டறை. மழைக்கு அது வேலை செய்யாதாம்.

ஒரு விசயம் மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கிறேன். 1756இல் மந்திரி நாட்டின் எல்லாக் கோயில் பங்குகளுக்கும் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினார். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் ஆட்டியது, எந்தத் திசையில் கூட விழுந்தது, எத்தனை பேர் இறந்தார்கள், கடல் முதலில் ஏறியதா இறங்கியதா. யார் பாவம் செய்தார் என்ற கேள்வி அதில் இல்லை. கிராமத்துக் குருமார் ஒவ்வொருவரும் இருந்து பதில் எழுதினார்கள். அந்தப் பதில்களும் இப்போது தோம்புக் காப்பகத்தில்தான்.

"கடல் முதல்ல இறங்கினதோ எண்டு கேட்டவங்களே?" என்றா அக்கா. பிறகு ஒன்றும் கதைக்கவில்லை.

ஐந்தாம் நாள், நவம்பர் 1, சனி

1755இலும் சனி, இன்றைக்கும் சனி. திட்டம் போட்டு வந்ததில்லை, விமானச் சீட்டு மலிவாக இருந்த கிழமை.

ஒன்பது மணிக்கே ஆற்றடிக்குப் போனோம். மஞ்சள் வளைவுகளோடு பெரிய சதுக்கம். வரைபடத்தில் வர்த்தகச் சதுக்கம் என்று போட்டிருக்கும். ஊர்க்காரர் இன்னும் தெரெய்ரோ தோ பாஸோ, அரண்மனை முற்றம், என்றுதான் சொல்கிறார்கள். அரண்மனை இல்லாமல் போய் இருநூற்று எழுபது வருடம். நடுவில் ஜோசே அரசர் குதிரையில். கொட்டிலில் படுத்தவருக்குச் சிலையில் மட்டும் பயமில்லை.

சதுக்கத்தின் ஓரத்தில் பளிங்குப் படிகள் ஆற்றுக்குள் இறங்குகின்றன, இரண்டு பக்கமும் ஒவ்வொரு தூண். அன்றைக்குக் கட்டடம் விழ விழ ஆட்கள் வெட்டைவெளி தேடி இந்தப் பக்கம்தான் ஓடிவந்தார்கள். இங்கே விழுவதற்கு ஒன்றும் இல்லையே. ஆற்றில் தண்ணீர் வற்றிப் போவதைக் கண்டார்கள். அடியில் பழைய கப்பல் உடைவுகளும் கொட்டுண்ட சரக்கும் தெரிந்தன. பிறகு தண்ணீர் திரும்பி வந்தது, ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று முறை.

அக்கா படியில் இறங்கவில்லை. 2004 மார்கழியில் அவ பருத்தித்துறையில் இருந்தவ. நான் ரொறொன்ரோவில் தொலைபேசியோடு இருந்தேன். அந்த நாள் பற்றி நாங்கள் இருவரும் கதைத்ததே இல்லை. தண்ணீருக்கு முதுகு காட்டாமல், சிலைக்குப் பக்கத்தில், ஆற்றைப் பார்த்தபடி நின்றா. நானும் அங்கேயே போய் நின்றேன்.

9.40. ஒரு படகு அக்கரைக்குப் போனது. ஒரு சோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒருவன் கடற்புறாவுக்குப் பாண் துண்டு எறிந்தான். நினைவுக்கூட்டமோ மாலையோ ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

"போவம்" என்றா.

பதினொரு மணிக்கு வீடு வந்தபோது கதவடியில் மூன்று பிள்ளைகள். கையில் பூப்போட்ட துணிப்பை. வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்ததும் ஒரே குரலில் கத்தினார்கள்: "பாவ்ங் பொர் தேவுஷ்!"

கடவுளின் பேரால் பாண். நவம்பர் 1இல் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கேட்கிற வழக்கமாம். நடுக்கத்துக்கு அடுத்த வருடம் இதே நாளில் லிஸ்பனில் வீடிழந்த ஏழைகள் கதவு தட்டிப் பாண் கேட்டதிலிருந்து வந்தது என்று அம்மா சொன்னார். வழக்கம் அதைவிடப் பழையது, நடுக்கம் அதை ஊன்றிவிட்டது என்றும் சொல்கிறார்கள். இப்போது ஊருக்குள் குறைந்துவிட்டது, இந்தத் தெருவில் இன்னும் வருகிறார்கள். அவர் முந்தாநாளே சின்னச் சின்ன இனிப்புப் பணியாரமும் காய்ந்த அத்திப்பழமும் வாங்கி வைத்திருந்தார்.

"பாணோ கேக்குதுகள்?" என்றா அக்கா. சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே போனா. பாரிஸ் லா ஷப்பேலில் வாங்கி வந்த முறுக்குப் பையோடு திரும்பி வந்தா. ஒவ்வொரு துணிப்பைக்குள்ளும் இரண்டு இரண்டு.

இரண்டு பேர் நன்றி சொல்லி ஓடிவிட்டார்கள். சின்னவன் மட்டும் படியில் நின்று ஒரு முறுக்கை வெளியே எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் சுற்றிப் பார்த்தான். பிறகு கடித்தான். அந்தச் சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது.